அவளே சொல்லட்டும்

முப்பது வருஷமாக அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவன் நான். ஒரு ஒற்று விடுபட்டாலும் கண் அங்கே போய் நின்றுவிடும். என் மனைவியின் நோயை ஸ்கேனுக்கு முன்பே பார்த்தவனும் நான்தான். பார்த்தும் என்னவென்று தெரியாமல் அவளைத் திருத்திக்கொண்டிருந்தேன். வீட்டில் ஜாக்கெட் தைப்பவள் அவள். ஒருநாள் கத்தரிக்கோலைக் காட்டி, "அந்தக் கரண்டியை எடுங்க" என்றாள். "கத்தரி" என்றேன். மறுவாரம் ஊக்கு என்ற சொல் வரவில்லை. அதையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து ஒரு விடியற்காலையில் வலிப்பு வந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் இரும்புச் சாவியைக் கையில் திணித்தார். நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். இரண்டுமே தப்பு. ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடிபடும் சாமான்களை நகர்த்திவிட்டு, வாயில் எதையும் வைக்காமல் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். 5 நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். வார்டில் ஒரு நர்ஸ் இதைச் சொன்ன அன்றே எண்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.

அந்த நோட்டுதான் அப்புறம் என் தொழில். டாக்டர் அவளைப் பார்ப்பது ஐந்து நிமிடம். மீதி நாள் முழுக்கப் பார்ப்பவன் அட்டெண்டர். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, எந்தச் சொல் தடுமாறியது, எவ்வளவு தூங்கினாள் என்று எழுதினேன். மூளை வீக்கத்துக்குக் கொடுத்த ஸ்டீராய்டில் சர்க்கரை ஏறியது. இரவு 2 மணிக்குப் பசிக்கிறதென்று எழுந்து தோசை வார்ப்பாள். ஃபிட்ஸ் மாத்திரை ஆரம்பித்த பத்தாம் நாளிலிருந்து சுள்ளென்று கோபம். நோயின் பயம் என்றுதான் நினைத்தேன். தேதிகளைப் பார்த்த டாக்டர், "இந்த மாத்திரைக்கு இந்தக் குணம் உண்டு சார்" என்று மருந்தை மாற்றிக் கொடுத்தார். நோட்டு இல்லாவிட்டால் அவள் சுபாவமே மாறிவிட்டதென்று நம்பியிருப்பேன்.

"கட்டின்னு அவகிட்ட சொல்லிடாதீங்க மாப்பிள்ளை, உடைஞ்சு போயிடுவா" என்றார் அவளுடைய அண்ணன். நம் வீடுகளில் இது பாசத்தின் மறுபெயர். நானும் ஒரு வாரம் 'நீர்க்கட்டி' என்று பொய் சொன்னேன். ஒரு சாயங்காலம் ஸ்கேன் உறையைக் கையில் எடுத்து, "எனக்கு வார்த்தைதான் வரலை, புத்தி இருக்கு" என்றாள். அதன்பிறகு டாக்டரின் அறைக்கு நான் தனியாகப் போகவில்லை.

கட்டி இடப்பக்கம், பேச்சுக்கான பகுதியை ஒட்டி. "எல்லாத்தையும் எடுத்துடுங்க டாக்டர்" என்று நான்தான் முந்திக்கொண்டேன். எடுக்கலாம், பேச்சும் சேர்ந்து போகலாம் என்றார் அவர். எங்கள் ரிப்போர்ட்டில் பிறகு வந்த அதே ஆலிகோடென்ட்ரோகிளையோமா என்ற கட்டிக்கு 1928-இல் மாண்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற மூளை அறுவை நிபுணர் தன் சொந்த அக்காவுக்கே அறுவை செய்தார். மூளையின் வலது முன்மடலில் பெரும் பகுதியை வெட்டியும் கட்டி முழுதும் வரவில்லை. அக்கா எழுந்தார், பேசினார். ஓராண்டு கழித்துத் தம்பி, அக்கா வீட்டு விருந்துக்குப் போனார். மொத்தம் ஐந்து பேருக்குத்தான் சமையல். சாமான்கள் எல்லாம் அடுப்படியில் இருந்தன. எதை முதலில் செய்வது, எதை அடுத்து என்பது பிடிபடாமல் அக்கா தவித்து நின்றாராம். மூன்றாண்டுக்குள் இறந்தும் போனார். எப்போதோ புரூஃப் பார்த்த கட்டுரை இது. அன்று அதில் சந்திப்பிழைகள்தான் என் கண்ணில் பட்டன.

எங்கள் டாக்டர் அவளிடம் கேட்டார்: "எது போனா உங்களால தாங்க முடியாதும்மா?" நீண்ட நேரம் யோசித்தாள். என் நாக்கு நுனியில் பதில் தயாராக இருந்தது. "அளவு எடுக்கிறப்ப பேசணும்" என்றாள்.

விழிக்க வைத்தே அறுவை நடந்தது. மண்டைத்தோலை மரத்துப்போகச் செய்துவிட்டால் மூளைக்கென்று தனியே வலி கிடையாது. லேசான மின்சாரத்தால் ஓரோர் இடமாகத் தொட்டுக்கொண்டே படங்களைக் காட்டுவார்கள். எங்கே தொட்டால் பேச்சு நிற்கிறதோ அங்கே எண் எழுதிய சின்னச் சீட்டை வைத்து, அந்த இடத்தைத் தொடாமல் விட்டுவிடுவார்கள். படங்களில் கத்தரிக்கோலும் இருந்ததாம். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சுவர் போஸ்டரில் பிழை தேடிக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கட்டியை விட்டுவைத்தார்கள்.

ரிப்போர்ட்: கிரேடு 2. வயது நாற்பதைத் தாண்டியிருந்தது, மிச்சமும் இருந்தது. காத்திருப்பதைவிடக் கரன்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்து மருந்தும் கொடுப்பது நல்லது என்றார்கள். 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இப்படிப்பட்ட கிரேடு 2 கட்டிக்காரர்களில் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களுக்கு ஆயுளின் நடுமதிப்பு 7.8 ஆண்டு, மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 13.3. நடுமதிப்பு என்றால் பாதிப்பேர் அதைத் தாண்டி இருந்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். "அது அடுத்தவங்க அளவு ஜாக்கெட்" என்று தள்ளிவிட்டாள்.

மருந்தில் இரண்டு வழி. அந்த ஆய்வில் கொடுத்த மூன்று மருந்துக் கூட்டு ஒன்று. டெமோசோலமைடு கேப்சூல் மற்றொன்று. முதலாவதுக்கு நீண்ட காலச் சான்று உண்டு. இரண்டாவது உடம்புக்குக் கொஞ்சம் எளிது, சான்று அவ்வளவு நீளமில்லை. செலவு, வாந்தி, ரத்த அணுக்கள் என்று நோட்டில் ஒன்பது கேள்வி எழுதிப் போயிருந்தேன். பத்தாவதை அவள் கேட்டாள்: "எதுல விரல் மரத்துப்போகும்?" கூட்டில் உள்ள வின்கிரிஸ்டின் விரல் நுனி நரம்புகளைத் தாக்கக்கூடியது. கேப்சூல் என்று அவளே முடிவு செய்தாள். அது மருத்துவக் கணக்குப்படி சரியா என்று எனக்குள் இன்னும் ஒரு வாதம் ஓடுகிறது. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியே இருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

30 தடவை கரன்ட். வெந்நீரில் இளக்கி முகத்தின்மேல் படியவைத்த பிளாஸ்டிக் வலையால் தலையை அசையாமல் மேஜையோடு பூட்டுவார்கள். வெளியே வரும்போது நெற்றியில் வலையின் தடம் கட்டம் கட்டமாக இருக்கும்.

தையல் மெஷின் திரும்ப ஓடுகிறது. மோட்டாரை எடுத்துவிட்டு மிதிபலகை மாட்டியிருக்கிறோம். போன வாரம் ஒரு பெண் ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வந்தாள். என் மனைவி டேப்பை அவள் தோளில் வைத்தபடி, "கழுத்துக்குப் பின்னாடி..." என்று தொடங்கி நின்றுவிட்டாள். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். 'நாடா' என்பது எனக்குத் தெரியும். புரூஃப் தாளைத் திருப்பி அடுத்த பக்கத்துக்குப் போனேன்.