பகலில் திரியும் முள்ளெலி

பட்டப்பகலில் முள்ளெலியைப் பார்த்தால் செல்ஃபி எடுக்க ஓடாதீர்கள். இருட்டிய பிறகு பூச்சி தேடித் தின்னும் ஜீவன் அது. வெயிலில் தள்ளாடிக்கொண்டு திரிந்தால் பெரும்பாலும் உடம்புக்கு முடியவில்லை என்றே அர்த்தம்.

போன வாரம் சாத்தான்குளம் பக்கம் ரோட்டோரத்தில் அப்படி ஒன்று கிடந்தது. தொட்டால் பந்தாகச் சுருள வேண்டியது, பாதிதான் சுருண்டது. காது மடலுக்குள் உண்ணிகள் ரத்தம் குடித்து உளுந்து மாதிரி உப்பியிருந்தன. பழைய துண்டால் அள்ளி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்தோம். ஒரு மூலையில் மட்டும் துணி சுற்றிய வெந்நீர் பாட்டில். சூடு அதிகமானால் அது நகர்ந்துகொள்ளும். மூடியில் கொஞ்சம் தண்ணீர். பால் கொடுக்கவே கூடாது, செரிக்காமல் வயிற்றுப்போக்கு வந்துவிடும். உண்ணிமேல் மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம். கால்நடை மருத்துவர் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். பிறகு வனத்துறையிடம் ஒப்படைத்தோம்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "ரெண்டு முள்ளு தாங்க தம்பி, பேரனுக்குக் கக்குவான் இருமல்" என்று வந்து நின்றார். முள்ளைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தால் இருமல் நிற்குமாம். இந்த நம்பிக்கையால் செத்த முள்ளெலிகள் எத்தனையோ! "பிள்ளையை டாக்டரிடம் காட்டுங்க பெரியம்மா" என்றேன்.

கக்குவானுக்குத் தடுப்பூசி ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசம். குழந்தைகளுக்குத் தவறாமல் போடுங்கள். முள்ளெலியை அதன் பாட்டுக்கு விடுங்கள்.