உப்பளத்துக்குப் போன அம்மா

ஆபீஸில் ஒரே ஆணி, பதிவு எழுதி ரெண்டு மாசம் ஆச்சுங்க. போன ஞாயிறு அலமாரியை ஒழிக்கச் சொல்லித் தங்கமணி உத்தரவு. அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' அப்போதுதான் கையில் சிக்கியது. மகர்பட்டாவுக்குக் குடிவந்த நாளிலிருந்து பிரிக்காமலே கிடந்தது.

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. பஸ் ஜன்னல் வழியாக, குவித்து வைத்த உப்பை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அதை வாரிக் குவித்தவர்களின் காலைப் பார்த்ததில்லை. முசிறியில் 1925இல் பிறந்து, 15 வயதில் கல்யாணமாகி, கல்லூரிப் பக்கமே போகாத ஓர் அம்மா வந்து பார்த்திருக்கிறார். உப்பளத்து ஆட்களோடு பேசிப் பழகி இந்த நாவலை எழுதியிருக்கிறார். பொன்னாச்சி என்ற பெண் தம்பியோடு அளத்து வேலைக்கு வருவதில் கதை பிடிக்கிறது. ராத்திரி ரெண்டு மணி வரை கீழே வைக்க முடியவில்லை.

கணவருக்கு மின்துறை வேலை. நாமெல்லாம் புது ஊருக்குப் போனால் இட்லி மாவு எங்கே கிடைக்கும் என்றுதான் முதலில் தேடுவோம் :-) அவர் நீலகிரியில் படகர்களோடு பழகி 'குறிஞ்சித்தேன்' எழுதினார். சிவகாசி தீப்பெட்டிப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல், கோவா விடுதலைக்கு ஒன்று. 1973இல் 'வேருக்கு நீர்' நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது. இத்தாலியில் கிராசியா டெலடா என்றொருவர், நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவர், சார்டினியா தீவு மனிதர்களை எழுதியே 1926க்கான நோபல் வாங்கினார். நம்மவர் பெயர் தமிழ்நாட்டுக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்?

பிள்ளைகள் இல்லை. கணவர் போனபின் கைப்பணமும் கரைந்து, சென்னையில் 'விச்ராந்தி' முதியோர் இல்லத்தில் இருந்தார். 2009இல், உயிரோடிருக்கும்போதே, அரசு அவர் நூல்களை நாட்டுடைமையாக்கியது. 2014 அக்டோபரில் காலமானார்.

இதைப் படித்ததும் என்னவோ செய்தது. போன மாசம்தான் அம்மா போனில், ஊருக்குப் பக்கத்தில் திறந்திருக்கும் முதியோர் இல்லம் பற்றிச் சொன்னார்கள். "காப்பி கூட நேரத்துக்குத் தாராவளாம்யா." மீட்டிங் இருக்கிறது என்று வைத்துவிட்டேன்.

உடனே கூப்பிட்டேன். "புத்தகம் படிச்சேம்மா."

"பொன்னாச்சி கதைதான? அப்பா வாங்குனது. முதப் பக்கத்துல கையெழுத்து இருக்கும், பாரு."

இருந்தது.

"இங்கயே வந்திரும்மா" என்றேன்.

"எட்டாவது மாடியில நான் யார்ட்டய்யா பேச?"

பதில் தோன்றவில்லை. டிசம்பருக்கு ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன்.