சொல்தா வீட்டுக் கதைகள்

மாலை வெயில் சாய்ந்ததும் அந்த மண் திடலுக்கு ஒவ்வொருவராக வந்து சேர்கிறார்கள். ஆளுக்கொரு சின்னத் தோல் பை. உள்ளே மூன்று இரும்புக் குண்டு, துடைக்க ஒரு பழந்துணி, நுனியில் காந்தம் கட்டிய கயிறு. எழுபதைத் தாண்டிய ஒருவர் குனியாமலேயே கயிற்றை இறக்குகிறார். டக்கென்று ஒட்டிக்கொண்ட குண்டைக் கிணற்று வாளி போல மேலே இழுக்கிறார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "முதுகு எனக்கு முன்னாடியே பென்சன் வாங்கிடுச்சு தம்பி" என்றார்.

ஆட்டத்தின் பெயர் பெத்தாங். பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு வந்து ஊர்க்காரனாகிவிட்ட விளையாட்டு. 'பன்றிக்குட்டி' என்று பொருள்படும் கொஷோனே என்ற சின்ன மரக்குண்டை ஆறு முதல் பத்து மீட்டர் தூரத்தில் வீசிவிட்டு, முக்கால் கிலோவுக்குச் சற்று முன்பின்னாக எடையுள்ள இரும்புக் குண்டுகளை அதை ஒட்டிப் போய் நிற்கும்படி எறிய வேண்டும். 13 புள்ளி எடுத்தவர் பக்கம் வெற்றி. இங்கே ஆடுகிறவர்களில் பலர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள். ஊர் வழக்கில் அவர்கள் 'சொல்தா'. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்குச் சிப்பாய் என்றுதான் பொருள். புதுச்சேரியில் அது வீட்டு அடையாளமாகிவிட்டது. சொல்தா வீடு, சொல்தா பென்சன், சொல்தா மாமா.

கயிற்றுக்காரர் 1972இல், பத்தொன்பது வயதில் சேர்ந்தவர். அவருடைய அப்பாவும் சொல்தா. சைகோனில் இருந்தவர், பிறகு அல்ஜீரியா போனவர். அந்தத் தலைமுறைக்கு 1954 விசித்திரமான ஆண்டு. மே 7இல் வியத்நாமில் பிரெஞ்சுப் படைத்தளமான தியென் பியென் ஃபூ விழுந்தது, இந்தோசீனப் போர் முடிவுக்கு வந்தது. நவம்பர் 1இல் புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. அதே நவம்பர் 1இல் அல்ஜீரியாவில் அடுத்த போர் வெடித்தது. ஊரில் கொடி இறங்கிய அன்று, அந்தக் கொடிக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவனுக்கு வேறொரு கண்டத்தில் வேலை காத்திருந்தது.

சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16இல்தான் நடந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதித் தரலாம் என்றார்கள். சுமார் 5,000 பேர் எழுதித் தந்தார்கள். தேசபக்தி, துரோகம் என்று இதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. கயிற்றுக்காரர் வீட்டில் நடந்த கணக்கு எளிமையானது: "அப்பாவுக்குச் சம்பளம் அங்கேருந்து வந்துச்சு. கையெழுத்துப் போட்டாரு."

இந்தத் தொழிலின் அச்சாணி பதினைந்து வருடம். பழைய விதிப்படி, அதிகாரி அல்லாத சிப்பாய் பதினைந்து வருடம் முடித்தால் ஓய்வூதியம் உண்டு. பத்தொன்பதில் போனவர் முப்பத்து நான்கில் பென்சன்காரராக ஊர் திரும்பினார். மற்றவர்கள் வேலையில் காலூன்றும் வயதில் இவர் வீடு கட்டி, தங்கைக்குக் கல்யாணம் முடித்து, திண்ணையில் உட்கார்ந்து பிரெஞ்சுப் பத்திரிகை படித்தார். அவர் இறந்தால் மனைவிக்குப் பாதி வரும். பிரெஞ்சுக் குடியுரிமையுள்ள மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் எவ்வளவு கொட்டிக் கொடுத்தார்கள் என்பது தனிக் கதை. அதைப் பெத்தாங் திடலில் கேட்டால் எல்லோருக்கும் சட்டென்று காது மந்தமாகிவிடுகிறது.

நடுவில் இருந்த பதினைந்து வருடம் எப்படிப் போனது?

"காலையில ஆறு மணி. கட்டில் விரிப்புல சுருக்கம் இருந்தா எல்லாத்தையும் உருவிக் கீழே போட்டுடுவான். திரும்ப விரிக்கணும்." கடற்படைக் காலாட்படையினரின் ஊரான ஃபிரெழுய்ஸில்தான் பயிற்சி. முதல் குழப்பம் பெயரில் வந்தது. நம் ஊர்த் தமிழனுக்கு ஏது குடும்பப் பெயர்? 1881இல் இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்கள் ஒரு குடும்பப் பெயரைச் சூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது; முதலில் துறந்த பொன்னுத்தம்பிப் பிள்ளை 'லாபோர்த்' என்று வைத்துக்கொண்டார். துறக்காத வீடுகளில் பல, படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரையே நிரப்பின. "வரிசையில நிக்கிறப்ப செர்ழான், அதான் சார்ஜெண்ட், எங்கப்பா பேரைக் கத்துவான். 'ப்ரெஸான்' சொல்லணும். எனக்கு ஒரு மாதிரி இருக்கும். பேரு சொல்லிக் கூப்பிடக்கூடாத மனுஷன் தம்பி அவரு."

அவர் லாரி ஓட்டினார். 1983இல் பிரெஞ்சுப் படை ஆப்பிரிக்காவின் சாது (Chad) நாட்டுக்குப் போனபோது இவரும் போனார். சண்டையைப் பற்றிக் கேட்டதற்குச் சிரித்தார். "நான் பாத்தது டயரும் மணலும். காத்து வடிகட்டியைக் கழட்டித் தட்டு, மாட்டு. சாப்பிட்டுட்டு வந்து மறுபடி தட்டு." வலது கையை விரித்து இடது உள்ளங்கையில் தட்டிக் காட்டினார். நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அந்தத் தட்டல் ஒரே அளவாக விழுகிறது.

கடற்கரைச் சாலையில் 1938இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் இருக்கிறது. முதல் உலகப் போரில் இறந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. ஜூலை 14 அன்று பிரெஞ்சுத் துணைத் தூதர் மலர் வளையம் வைக்கிறார், இரண்டு நாட்டுக் கீதங்களும் ஒலிக்கின்றன, சொல்தாக்கள் கோட்டில் பதக்கம் குத்திக்கொண்டு நிற்கிறார்கள். பத்திரிகைகளுக்கு ஆண்டுதோறும் அதே படம். எனக்கு அந்தப் படத்தைவிட இவர்கள் வீட்டு அடுக்களை அதிகம் சொல்வதாகத் தோன்றுகிறது. இறைச்சியும் காய்கறியும் அரிசித் தாளில் சுருட்டிப் பொரிக்கும் வியத்நாம் பலகாரம் சில வீடுகளில் விசேஷ நாள் வழக்கம். சைகோனைப் பார்த்தே இராத பேரப்பிள்ளைகள் அதற்கு அடித்துக்கொள்கிறார்கள்.

இன்னொன்று, இரும்பு அலமாரி. கயிற்றுக்காரர் பூட்டைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். அப்பாவின் சேவைப் புத்தகம், தன்னுடையது, பழைய பிராங்குக் கணக்கு, 2002க்குப் பிந்தைய யூரோ கணக்கு. வெளிநாட்டில் வாழும் பென்சன்காரர் உயிரோடிருப்பதாக ஆண்டுதோறும் சான்று அனுப்ப வேண்டும். ஒரு முறை தாள் போய்ச் சேரத் தாமதமாகிப் பணம் நின்றுவிட்டதாம். "சாதுல சாகல. தபால்ல செத்துட்டேன்."

பேசிக்கொண்டிருக்கும்போது விடுப்பில் வந்திருந்த பேரன் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான். வயது இருபத்து நான்கு, காப்பொரால் (கார்ப்பரல்). கட்டாய ராணுவச் சேவையை 1997ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்திவிட்டது. இவன் விரும்பி ஒப்பந்தம் போட்டுச் சேர்ந்தவன். 2015 ஜனவரியில் பாரிஸில் நடந்த தாக்குதலுக்குப் பிறகு தொடங்கிய 'சாந்தினேல்' ரோந்தில் இவனும் நின்றிருக்கிறான். துப்பாக்கியோடு ரயில் நிலையத்துக்குள் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடப்பது என்பதுதான் முக்கியப் பிரச்சினை. அடுத்தது, கழிப்பறை எந்தப் பக்கம் என்று பயணிகள் கேட்பது. காரே து நோர் நிலையத்தில் யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் இவன் முகத்தை உற்றுப் பார்த்து, "தம்பி, நீர் தமிழோ?" என்று கேட்டிருக்கிறார். "பணி நேரத்துல பேசக்கூடாது. தலையை மட்டும் ஆட்டுனேன். பையில இருந்து ஒரு வடையை எடுத்து நீட்டுறாங்க. பக்கத்துல செர்ழான் நிக்கிறாரு."

"வாங்கினியா?"

"செர்ழானுக்கும் ஒண்ணு குடுத்தாங்க."

ஒரு நாளுக்கான ராணுவ உணவுப் பெட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். டப்பா உணவு, பிஸ்கோத்து, மடக்கி வைக்கும் தகர அடுப்பு, எரிபொருள் வில்லைகள். அவன் அம்மா அடுப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல இட்லி வேகுமா?" என்றாராம். இந்த முறை திரும்பிப் போகும் பெட்டியில் இட்லிப் பொடி இரண்டு கிலோ.

தாத்தா போல முப்பத்து நான்கில் திண்ணைக்கு வந்துவிடுவாயா என்றேன். "இப்ப பதினேழு வருஷம் அண்ணா, பதினஞ்சு இல்ல. அதோட அங்க வாடகை கட்டிட்டு இங்க வீடு கட்ட முடியாது." அவன் வயதுக்காரர்கள் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். ராணுவம் அவர்களுக்குப் பிரான்சில் இறங்கி நிற்க ஒரு முதல் வேலை. ஓட்டுநர் உரிமம், மின்வேலைச் சான்றிதழ் என்று ஏதாவது ஒன்றைக் கையில் வாங்கிக்கொண்டு ஐந்தாறு வருடத்தில் வெளியேறுகிறவர்களும் உண்டு. "பதினேழை எவன் முடிக்கிறான்" என்றார் தாத்தா, யாரையும் பார்க்காமல்.

திடலில் குரல்கள் உயர்ந்தன. கொஷோனேக்கு அருகே இரண்டு குண்டுகள் ஏறக்குறைய ஒரே தூரத்தில் நின்றிருந்தன. ஒருவர் செருப்பால் அளந்தார். அது செல்லாது என்றார் மற்றவர். கயிற்றுக்காரர் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்தார். பேரனைப் பார்த்து, "நீ குனிடா" என்றார்.