நான்கெழுத்துச் சுவடி

மாணவர்களே! வாலாஜாபாத்தில் ஓய்வுற்று வாழும் யான், ஏட்டுச்சுவடிகளை ஒப்புநோக்கிப் பாட வேறுபாடு காணப் பயின்றவன். உ. வே. சாமிநாதையர் அவ்வாறு பல சுவடிகளை ஒப்பிட்டே 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார்.

“மரபணுத்தொகுதியும் ஒரு சுவடியே, தாத்தா” என்றாள், கல்லூரியில் உயிரியல் பயிலும் என் பெயர்த்தி. நான்கே எழுத்துகளால் ஆகிய அச்சுவடி, மனிதரிடத்து ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளமுடையது. அதில் ஓரெழுத்துத் திரிந்து, அத்திரிபு பெற்றோர் இருவர்வழியும் வரின், குருதிச் சிவப்பணு அரிவாள்போல் வளையும், உடல் நலியும். 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடையே அத்திரிபு கண்டறியப்பட்டது.

இத்துணை எழுத்தையும் ஒப்பிடக் கணிப்பொறி வேண்டும். ஆயினும், எத்திரிபு நோய், எத்திரிபு இயல்பான வேறுபாடு என்பதை உயிரியலே உரைக்கும். ஆதலின் அவள் வகுப்பில் இருதுறை ஆசிரியரும் இணைந்து கற்பிக்கின்றனர். எழுத்தெண்ணலும் பொருள் காண்டலும் கூடியதே கல்வி. நீவிரும் பிறர் துறையைப் புறக்கணியாது பயில்வீராக!