ரொட்டிக்காரரின் முகம்

ரோம் நகரின் பழைய வாயில்களில் ஒன்றான போர்த்தா மஜோரேக்கு வெளியே, டிராம் ஓடும் சாலையருகே ஒரு விசித்திரமான கட்டடம் நிற்கிறது. கோயில் இல்லை, வெற்றித் தூணும் இல்லை. கீழே செங்குத்தான கல் உருளைகள்; மேலே வரிசை வரிசையாக வட்டத் துளைகள். விஷயம் தெரியாதவர்கள் மூடப்பட்ட ஏதோ ஆலையின் மிச்சம் என்று நினைத்துக் கடந்துவிடக்கூடும். உண்மையில் இது ஒரு கல்லறை. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் மார்குஸ் வெர்கிலியுஸ் யூரிசாசெஸ் என்ற ரொட்டி வியாபாரிக்காகக் கட்டப்பட்டது. அந்தத் துளைகள் மாவு பிசையும் தொட்டிகளைக் குறிக்கின்றன என்பது பலரது கருத்து. தானியம் அளக்கும் மரக்கால்கள் என்று வாதிடுபவர்களும் உண்டு. எதுவானாலும் ஆசாமியின் தொழில் பற்றிச் சந்தேகம் வர வழியில்லை. ரொட்டிக்காரர், ஒப்பந்தக்காரர் என்று சுவரிலேயே பொறித்தாயிற்று. அதோடு ஒட்டியிருக்கும் கடைசிச் சொல்லுக்குப் 'பார்த்தாலே தெரிகிறதே' என்று பொருள் கொள்ளும் அறிஞர்களும் இருக்கிறார்கள்.

ரசனை உள்ளவர்கள் இந்தக் கல்லறையைப் பார்த்து முகம் சுளித்ததுண்டு. புதுப் பணக்காரரின் ஆடம்பரம் என்று சொல்வது எளிது. ஆனால் ரோமானியச் சமூகம் எதற்கு ஏங்கியது, எதற்குப் பயந்தது என்று தெரிந்துகொள்ளச் சக்கரவர்த்திகளின் பளிங்குச் சிலைகளைவிட இந்த ரொட்டிக்காரரும் அவரைப் போன்றவர்களுமே அதிகம் உதவுகிறார்கள்.

ரோமில் முகம் என்பது ஒரு குடும்பச் சொத்து. உயர்குடி வீடுகளின் முன்கூடத்தில், மரப் பேழைகளுக்குள் முன்னோர்களின் மெழுகு முகங்கள் வைக்கப்பட்டிருக்கும். பதவி வகித்த மூதாதையர்களுக்கு மட்டுமே அந்த மரியாதை. வீட்டில் சாவு விழுந்தால், உருவ ஒற்றுமை உள்ள ஆட்கள் அந்த முகங்களை அணிந்து, அந்தந்த மூதாதையர் வகித்த பதவிக்குரிய உடையில் ஊர்வலமாகப் போவார்கள். செத்தவரை வழியனுப்பச் செத்தவர்களே வந்த மாதிரி. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் இதை வியந்து வர்ணித்திருக்கிறார். அந்த மெழுகு முகங்களில் ஒன்றுகூட இன்று மிஞ்சவில்லை. ஆனால் அந்தக் காலத்துப் பளிங்குச் சிலைகளில் சுருக்கம் விழுந்த நெற்றி, ஒட்டிய கன்னம், பல் போன வாய் என்று எதையும் மறைக்காமல் செதுக்கியிருக்கிறார்கள். முதுமை அவமானமல்ல, உழைத்துப் பதவியும் பெயரும் சம்பாதித்ததற்கு அதுவே அத்தாட்சி.

அடிமையின் நிலையோ வேறு. சட்டத்தின் கண்ணில் அவனுக்குத் தகப்பன் கிடையாது. பெண்ணுடன் சேர்ந்து வாழலாம். அது திருமணம் ஆகாது. பிறக்கும் குழந்தை தாயின் எஜமானருக்குச் சொந்தம். சுதந்திரமாகப் பிறந்த ரோமானியனின் கல்வெட்டில் இன்னாரின் மகன் என்பதைக் குறிக்கும் எழுத்து இருக்கும். விடுதலை பெற்ற அடிமைக்கு அதே இடத்தில் வேறொரு எழுத்து. இன்னாரால் விடுவிக்கப்பட்டவன் என்று அர்த்தம். தகப்பன் பெயர் நிற்க வேண்டிய இடத்தில் எஜமானரின் பெயர், சாகும்வரை மட்டுமல்ல, செத்த பிறகும்.

இவர்களிடம் கொஞ்சம் காசு சேர்ந்ததும் செய்த காரியங்களில் ஒன்று, தங்கள் முகத்தைக் கல்லில் செதுக்கிச் சாலையோரக் கல்லறைகளில் பதித்தது. ஜன்னலில் நின்று தெருவை வேடிக்கை பார்ப்பது போல இரண்டு, மூன்று, நான்கு பேர் வரிசையாக நிற்கும் புடைப்புச் சிற்பங்கள் ரோமின் அருங்காட்சியகங்களில் ஏராளம். உயர்குடிப் பெரியவர்களின் அதே சுருக்கங்கள், அதே இறுக்கம். பலவற்றில் கணவனும் மனைவியும் வலக்கை கோத்திருக்கிறார்கள். காதல் என்று நினைத்து ரசிப்பதில் தவறில்லை. ஆனால் அது முதலில் சட்டப்படியான திருமணத்தின் அடையாளம், ஒரு காலத்தில் இவர்களுக்கு மறுக்கப்பட்ட உரிமை. சிலவற்றில் நடுவே ஒரு சிறுவன். கழுத்தில் தாயத்துப் போல ஒரு பதக்கம். சுதந்திரமாகப் பிறந்த பையன்கள் அணிந்தது அது. பெற்றோர் விலைக்கு வாங்கப்பட்டவர்கள், பிள்ளை அப்படியில்லை. சிற்பிக்குக் கூலி கொடுத்தவர்கள் வழிப்போக்கர்களுக்குச் சொல்ல விரும்பிய செய்தி அந்தப் பதக்கத்தில்தான் இருக்கிறது.

மேல்தட்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அகஸ்டஸ் கி.பி. 14இல் தன் 75ஆவது வயதில் இறந்தார். அவர் சிலைகளுக்கு மட்டும் கடைசிவரை வயதாகவே இல்லை.

யூரிசாசெஸும் அடிமையாக இருந்து விடுதலை பெற்றவராக இருக்கலாம் என்பதற்கு அவரது கிரேக்கப் பெயரைக் காட்டுகிறார்கள்; கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. அவர் கல்லறையின் மேல்பகுதியில் ரொட்டி தயாரிக்கும் கதை முழுவதும் ஓடுகிறது. கழுதைகள் திரிகையைச் சுற்றுகின்றன. நீண்ட மேஜைகளில் மாவை உருட்டுகிறார்கள். ஒருவர் அடுப்பில் ரொட்டியைத் தள்ளுகிறார். பெரிய தராசில் எடை போடுகிறார்கள். டோகா அணிந்தவர்கள் நின்று மேற்பார்க்கிறார்கள். குட்டை ஆடை அணிந்தவர்கள் வேலை செய்கிறார்கள். வேலை செய்பவர்களில் யாருக்கும் பெயர் இல்லை. முதலாளி அடிமையாக இருந்தவர் என்பது சரியானால், அந்த மேஜைகளில் நிற்பவர்களின் நிலை அவருக்குத் தெரியாததல்ல. எல்லாம் ஒழுங்காகவும் சுத்தமாகவும் நடக்கின்றன.

நிஜமான மாவு ஆலை எப்படி இருந்தது என்பதற்கு பொம்பெயில் ஒரு சாட்சி கிடைத்திருக்கிறது. வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் புதைத்த அந்த நகரில், ஒரு வீட்டின் பின்கட்டில் இருந்த ஆலையைத் தோண்டியெடுத்ததாக 2023 டிசம்பரில் தொல்லியலாளர்கள் அறிவித்தார்கள். இடுங்கிய அறை. வெளியுலகைப் பார்க்க வழியில்லை. சிறிய ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள். கண் கட்டப்பட்ட கழுதைகள் தடம் மாறாமல் சுற்றுவதற்காகத் தரைக்கல்லில் குழிகள் வெட்டியிருந்தார்கள். அடிமைகளும் கழுதைகளும் சேர்ந்து அடைபட்டிருந்த இடம் அது என்கிறார்கள்.

அதே ஊரில் வெட்டி என்ற குடும்பப் பெயருடைய இருவரின் மாளிகை இருக்கிறது. அவர்களும் விடுதலை பெற்றவர்கள் என்றே கருதப்படுகிறது. நீண்ட காலப் புதுப்பிப்பு வேலைகளுக்குப் பின் 2023 ஜனவரியில் மீண்டும் திறந்தார்கள். அங்கே ஒரு கூடத்தின் சுவரில் நகை செய்வது, வாசனைத் தைலம் காய்ச்சுவது, ஒயின் விற்பது என்று எல்லாத் தொழிலும் நடக்கிறது. செய்பவர்கள் மன்மதக் குழந்தைகள். குட்டிச் சிறகுகள், குண்டுக் கன்னங்கள். வியர்வை இல்லை, தழும்பு இல்லை. உலகத்துச் சுவரோவியங்களில் இத்தனை அழகான மழுப்பல் அதிகம் இருக்காது.

ரோமில் டயோக்ளீஷியன் குளியல் மண்டபத்தை ஒட்டிய அருங்காட்சியகத்தில் ஓர் இரும்புக் கழுத்து வளையம் இருக்கிறது. கி.பி. 4 அல்லது 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதில் ஒரு வட்டமான உலோகத் தகடு தொங்குகிறது. நான் தப்பி ஓடிவிட்டேன், என்னைப் பிடியுங்கள், என் எஜமானர் சோனினுஸிடம் ஒப்படைத்தால் ஒரு பொற்காசு கிடைக்கும் என்ற பொருளில் தகட்டில் எழுதியிருக்கிறது. வளையத்தை அணிந்தவரின் பெயர் அதில் இல்லை.