தரையில் உட்கார்ந்த பிடில்

திருவனந்தபுரத்தில் ஒரு தாடிக்காரருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மணிக்கொரு முறை இரண்டு கன்னத்திலும் முட்டு விழுந்துகொண்டிருக்கிறது, பழுதாகி ஓய்ந்து கிடந்த நாட்கள் நீங்கலாக. பத்மநாபசுவாமி கோயிலுக்குப் பக்கத்தில், பத்மதீர்த்தக் குளத்தைப் பார்த்தபடி நிற்கும் கருவேலப்புர மாளிகையின் உச்சியில் இருக்கிறார் அவர். மணியடிக்கும்போது வாயைப் பிளப்பார். இரு பக்கமும் காத்திருக்கும் ஆட்டுக்கிடாய்கள் பாய்ந்து வந்து முட்டும். ஊர் அந்தக் கடிகாரத்தை மேத்தன் மணி என்கிறது. தாடிக்காரர் யார் என்பதற்கு ஆளுக்கொரு கதை உண்டு, கதைகள் கிடக்கட்டும். மணி காட்ட இரண்டு முள் போதுமே, ஆடு எதற்கு?

போலந்தின் போஸ்னான் நகரிலும் யாருக்கோ இதே யோசனை தோன்றியிருக்கிறது. அங்கே நகரமன்றக் கடிகாரத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு ஆடுகளை வைத்தார்கள். இன்றும் நண்பகலில் அவை வெளியே வந்து ஒன்றையொன்று முட்டிக்கொள்கின்றன. திருவனந்தபுரத்தில்தான் நடுவில் ஒரு மனிதரை நிறுத்தினார்கள். அரசாங்க உத்தியோகத்தில் அடிபட்ட யாரோ செய்த ஏற்பாடாக இருக்க வேண்டும்.

கடிகாரம் திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் ஆட்சியில் வந்தது என்பார்கள். அதுவரை பொழுது என்பது நாழிகைக் கணக்கு. நாளுக்கு அறுபது நாழிகை, ஒன்றுக்கு 24 நிமிடம். அடியில் துளையிட்ட வட்டிலைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அது மூழ்குவதைப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். பாசறையில் அரசனுக்கு அப்படிப் பொழுதளந்து சொன்னவர்களை முல்லைப்பாட்டு காட்டுகிறது. அரண்மனைக்கும் கோயிலுக்கும் கட்டுப்படியாகிற காரியம் அது. தெருவில் போகிறவனுக்குச் சூரியனும் நிழலும்தான். அந்தத் தெருவில் புதியதோர் அளவைக் கொண்டுவந்து மாட்டினால் யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்? ஆடு முட்டினால் பார்ப்பார்கள்.

இன்று கிழக்கேகோட்டைப் பேருந்து நிறுத்தத்தில் இறங்கி வருகிறவர்கள் எல்லோரிடமும், நொடி பிசகாத மணி சட்டைப்பையில் இருக்கிறது. மேத்தன் மணியை நிமிர்ந்து பார்ப்பவர்கள் ஆட்டைப் பார்க்கத்தான் பார்க்கிறார்கள். இடையில் ஒரு வழக்கம் சத்தமில்லாமல் ஒழிந்துபோயிற்று. முன்பின் தெரியாதவரிடம் "மணி என்ன ஆச்சுங்க?" என்று கேட்டு, அந்தச் சாக்கில் ஊர், உறவு, மழை, விலைவாசி என்று பேச்சை வளர்ப்பது. கைபேசி வந்ததால் என்னென்ன போயிற்று என்று பட்டியல் போடுகிறவர்கள் இதை யாரும் சேர்ப்பதில்லை.

சுவாதித் திருநாள் 1813இல் பிறந்து 1846இல் மறைந்தவர். முப்பத்துமூன்று வயதுக்குள் அவர் வரவேற்ற புதுமைகளில் கடிகாரத்தைவிட அழகாக நிலைத்தது இன்னொன்று. தஞ்சை நால்வர் என்ற இசைச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலு அவருடைய அவையில் இருந்தார். முத்துசுவாமி தீட்சிதரின் மாணவர். வடிவேலுவுக்கு 1834இல் மன்னர் தந்தத்தால் ஆன ஒரு வயலினைப் பரிசளித்தார். அன்று அது வெள்ளைக்காரர்களின் பிடில். நின்றுகொண்டு, மோவாய்க்கடியில் கொடுத்து வாசிக்கிற கருவி. தீட்சிதரின் தம்பி பாலுசுவாமியும் வடிவேலுவும் அதைக் கர்நாடக இசைக்குள் அழைத்துவந்தவர்களில் முன்னோடிகள்.

கருவியின் உடம்பில் யாரும் பெரிதாகக் கைவைக்கவில்லை. சம்மணமிட்டு உட்கார்ந்து, அதன் தலையை வலது பாதத்தின் மேல் சாய்த்துக்கொண்டார்கள். தந்திகளை ச-ப-ச-ப என்று கூட்டினார்கள். பாதம் தாங்கிக்கொண்டதால் இடது கை கருவியைப் பிடிக்கும் வேலையிலிருந்து விடுபட்டது, தந்தி முழுக்க வழுக்கிக்கொண்டு ஓடியது, சுரத்தை வளைத்து அசைக்கிற கமகம் பேசியது. தொழில்நுட்பம் மனிதனை மாற்றுகிறது என்று மாநாடு போட்டுப் பேசுகிறவர்கள், ஒரு முறையாவது கச்சேரி மேடையின் பக்கவாட்டில் உட்கார்ந்து அந்தப் பாதத்தைப் பார்க்கலாம். எல்லாக் கருவிக்கும் இந்த யோகம் வாய்ப்பதில்லை. பின்னால் வந்த ஹார்மோனியத்தின் கட்டைகளால் வளைந்து கொடுக்க முடியவில்லை. கமகம் வராது என்பதும் ஒரு காரணமாக, 1940இல் அகில இந்திய வானொலி அதை வாசலிலேயே நிறுத்திவிட்டது. ஆகவே, இந்த நகரத்துக்கு வந்து இறங்கிய ஒவ்வொரு புதுக் கருவியைப் பற்றியும் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. இது தரையில் உட்கார்ந்ததா?

மன்னர் 1837இல் நிறுவிய வானாய்வகம் உட்காரவில்லை. ஆலப்புழையில் திருவிதாங்கூரின் வணிக முகவராக இருந்த ஜான் கால்டிகாட் என்ற ஆங்கிலேயருக்கு வானியலில் பித்து. அவரையே ஆய்வகத்தின் பொறுப்பில் அமர்த்தி, கருவிகள் வாங்க ஐரோப்பாவுக்கும் அனுப்பினார்கள். 1849இல் அவர் இறந்தபின், 1852இல் வந்து சேர்ந்தார் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரவுன். வானத்தைவிட அவருக்குக் காந்த ஊசியின் மீதுதான் கவனம்.

கொஞ்சம் பிடிவாதக்காரர் என்று சொல்லலாம். பூமியின் காந்தப்புலம் நாளெல்லாம் மிக நுட்பமாக அசைந்துகொண்டே இருக்கிறது. கீழே நகரத்தில் தெரியும் அசைவு, மேலே உயரத்திலும் அப்படியேதான் இருக்குமா? இதை அறிய இரண்டு இடத்தில் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். பிரவுன் தேர்ந்தெடுத்த இரண்டாவது இடம் அகத்திய மலை. சுமார் 1,868 மீட்டர் உயரம், தமிழர்களுக்குப் பொதிகை. இரண்டு பருவமழையும் அடித்துப் பெய்கிற, யானை நடமாடுகிற காட்டுக்குள் வழி உண்டாக்கி, 1855இல் உச்சியருகே ஆய்வகம் கட்டினார். காந்தமானிக்குப் பக்கத்தில் இரும்பு ஆகாது. ஆணியிலிருந்து பூட்டு வரை மரமோ செம்போ பித்தளையோதான் பயன்பட வேண்டும். அந்த உச்சிக்கு வண்டி போகாது. எதுவானாலும் மனிதர்கள் சுமந்துதான் ஏற வேண்டும். உள்ளூர் உதவியாளர்கள் மணி தவறாமல் அளவு குறித்தார்கள். அந்த ஏடுகளிலிருந்து பிறந்த பெரும் நூல் 1874இல் வெளியாயிற்று. காந்தப்புலத்தில் ஏறக்குறைய 26 நாளுக்கொரு முறை ஓர் ஏற்ற இறக்கம் இருப்பதைக் கண்டு, அதற்கும் சூரியன் தன்னைத்தானே சுற்றுவதற்கும் தொடர்பிருக்கிறது என்றார் பிரவுன். 1878இல் லண்டன் ராயல் சொசைட்டி பதக்கம் கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்துபோனார்.

பொதிகை என்றதும் தமிழ் மனம் வேறு பக்கம் ஓடுவதைத் தடுக்க முடியாது. கயிலையில் சிவனுக்குத் திருமணம். தேவர்களெல்லாம் அங்கே கூடியதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்தது. பூமியைச் சமப்படுத்தத் தனியொருவராக அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார் என்பது புராணம். கல்யாணச் சாப்பாட்டை விட்டுவிட்டு எடைக்கல்லாகப் போன குள்ளமுனி. அவர் வந்து அமர்ந்ததாகச் சொல்லப்படும் மலையில்தான், பல நூற்றாண்டு கழித்து ஒருவர் காந்த ஊசியைத் தொங்கவிட்டார். வட துருவத்தை நோக்கிப் போகப்போகக் காந்த ஊசியின் ஒரு முனை மண்ணை நோக்கிக் கவிழும். தென் துருவத்தை நோக்கிப் போனால் மறுமுனை கவிழும். இரண்டுக்கும் நடுவே, எந்தப் பக்கமும் சாயாமல் அது கிடையாகப் படுக்கிற இடங்களை இணைக்கும் கோட்டுக்குக் காந்த நடுக்கோடு என்று பெயர். அந்தக் கோடு கடந்துபோகிற வட்டாரம் இது. புராணத்துக்கும் இயற்பியலுக்கும் முடிச்சுப்போட இங்கே உத்தேசமில்லை. அந்த வியாபாரத்துக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். ஆனாலும், பூமியைச் சமன் செய்ய வந்தவரின் வட்டாரத்தில் ஊசி சமமாகப் படுக்கிறது என்பதை நினைத்துச் சற்று நேரம் சந்தோஷப்பட்டால் யாருக்கும் நட்டமில்லை.

சாலைக் கடைத்தெருவில் அரிசி வாங்கியவருக்கு பிரவுனின் 26 நாள் கணக்கால் என்ன பயன்? ஒன்றுமில்லை. ஆனால் 1857இல் நகரத்தில் அருங்காட்சியகம் தொடங்கியதிலும், அதையொட்டிப் பொதுத் தோட்டம் உருவானதிலும் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகிற குடும்பங்கள் அந்தத் தோட்டத்தைத்தான் எடுத்துக்கொண்டன. காந்தமானி நின்றுகொண்டே இருந்தது; தோட்டத்துப் புல்தரை உட்கார இடம் கொடுத்தது.

காந்த நடுக்கோடு மறுபடி வேலை வைத்தது 1960களில். அந்தக் கோட்டுக்கு மேலே, தரையிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் பாய்கிறது. அதை ஆராய ராக்கெட் வேண்டும். ராக்கெட்டுக்குக் கோட்டுக்கு அருகில் கடற்கரை வேண்டும். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா கிடைத்தது. விண்வெளி விஞ்ஞானி விக்ரம் சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்ட் பெரைராவைச் சந்தித்து இடம் கேட்டதும், புனித மகதலேனா மரியாள் தேவாலயம் அலுவலகமாக மாறியதும் பலரும் எழுதியவை. 1963 நவம்பர் 21 அன்று மாலை அமெரிக்காவின் நைக்கி அப்பாச்சி ராக்கெட் பிரான்சின் சோடியத்தைச் சுமந்துகொண்டு கிளம்பி, அந்தி வானத்தில் ஆரஞ்சு நிறப் புகையைப் பூசியது. ராக்கெட் பாகத்தைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகும் படம் இல்லாமல் இதைப் பற்றி எழுதக்கூடாது என்று ஏதோ சட்டம் இருப்பதுபோல் எல்லோரும் எழுதுகிறார்கள். சைக்கிளுக்கு இந்த முறை ஓய்வு கொடுக்கலாம். இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் பள்ளித்துறையில் புதுத் தேவாலயத்தோடு குடியேறின. பழைய தேவாலயம் இன்று விண்வெளி அருங்காட்சியகம். வழிபாட்டுக்குப் போன இடத்துக்கு வேடிக்கை பார்க்கத்தான் இனிப் போகலாம்.

விண்வெளி அந்தக் கரைக்காரர்களின் படகுக்கு வந்துசேர அரை நூற்றாண்டு ஆயிற்று. வந்த விதமும் நல்லதாக இல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது பூந்துறை, விழிஞ்ஞம், குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டார ஊர்களின் படகுகள் ஏற்கெனவே கடலில் இருந்தன. தூத்தூர்க்காரர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். கரையிலிருந்து சற்றுத் தூரம் போனதும் கைபேசி ஊமையாகிவிடும். தலைக்கு மேலே செயற்கைக்கோள்கள் இருந்தன. படகில் இருந்தவர்களுக்குச் செய்தி சொல்லத்தான் வழியில்லை. அதன்பின் 2018இல் நாவிக் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் கருவியை இஸ்ரோ ஆக்கித்தர, கேரள அரசு மீனவர்களுக்கு வழங்கியது. கரை சொல்வதை அது படகுக்குச் சொல்லும். படகு சொல்வதைக் கரைக்குச் சொல்லாது. எத்தனையோ கால அரசாங்க வழக்கத்தை அப்படியே ஒரு பெட்டிக்குள் அடைத்ததுபோல! 2024 ஜனவரியில் இஸ்ரோ வெளியிட்ட, படகிலிருந்து உதவி கேட்பதற்கான ஆபத்து அறிவிப்புக் கருவியின் இரண்டாம் தலைமுறையில்தான், உதவி கேட்டவருக்கு "கேட்டது கிடைத்தது" என்று பதில் வருகிறது. கைபேசியோடு இணைத்துத் தம் மொழியிலேயே செய்தியைப் படிக்கலாம். இது உட்காருவதற்கான முதல் அறிகுறி.

இந்தக் கரைக்கு வழிகாட்டும் கலை புதிதல்ல. கடலடியில் பாறைத்திட்டுகளாக இருக்கும் பார்களில் மீன் அடையும். அந்தப் பார் எங்கே என்று நடுக்கடலில் கண்டுபிடிக்கத் திருவனந்தபுரத்து மீனவர்கள் வைத்திருக்கும் முறைக்குக் கணிச்சம் என்று பேர். கரையில் உயர்ந்து தெரியும் ஒரு தேவாலயமோ தென்னையோ தூரத்து மலை ஒன்றை மறைத்து ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். வேறொரு திசையிலும் இதேபோல் இரண்டு அடையாளங்கள் சேர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலையையோ தூண்டிலையோ இறக்கலாம். அப்பன் மகனுக்குக் காட்டிக்கொடுப்பான். அடுத்த படகுக்காரனுக்கு மூச்சு விடமாட்டான். ஜிபிஎஸ் வந்தபின் அந்த இரகசியம் சில எண்களாகச் சுருங்கிவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் சேமித்துக்கொள்ளும், இன்னொன்றை அழுத்தினால் மச்சானுக்கும் போய்விடும். நல்லதா கெட்டதா என்று கேட்டால், யாருடைய பார் என்பதைப் பொறுத்தது.

விழிஞ்ஞத்தில் இப்போது சரக்குப்பெட்டகத் துறைமுகம். மீனவர்களும் இலத்தீன் கத்தோலிக்கத் தலைமறைமாவட்டமும் கரையரிப்பைச் சொல்லி 2022இல் மாதக்கணக்காகப் போராடினார்கள். 2023 அக்டோபரில் சீனாவிலிருந்து கிரேன்கள் வந்திறங்கின. 2025 மே 2 அன்று துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கிடங்குப் பகுதியின் தானியங்கிக் கிரேன்களைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து இயக்குகிறவர்களில் பெண்களும் இருக்கிறார்கள். கடலுக்குள்ளிருந்து பார்ப்பவர்களுக்குக் கரையில் தென்னையையும் தேவாலயத்தையும் தாண்டி ஓங்கித் தெரிவது இனி அந்தக் கிரேன்களாகத்தான் இருக்கும். அப்படியானால் அவற்றையே கணிச்சத்துக்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளலாமே என்று கரையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றும். எடுத்தால் பார் தப்பிவிடும். கப்பலின் நீளத்துக்கு ஏற்ப அந்தக் கிரேன் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டே இருக்கும்.