பதினைந்தாம் தேதி

முன்பெல்லாம் நம் பகுதிச் சிற்றூர்களில் தேதியைக் கணக்கில் வைத்திருந்தோர் சிலரே. மாதச் சம்பளக்காரருக்கு முதல் தேதி. வட்டிக்குக் கொடுத்தவருக்குத் தவணைத் தேதி. கூலிக்குப் போகும் பெண்களுக்கோ கிழமைதான் உண்டு. சந்தைக் கிழமை, குழுக் கடன் கட்டும் கிழமை, பூசைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை என்று அவர்களுடைய வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது. 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகைத் திட்டம் தொடங்கப்பட்டபோது அவர்களுக்கென்றும் ஒரு தேதி பிறந்தது. ஏறத்தாழ ஒரு கோடியே ஆறு லட்சம் பெண்களின் வங்கிக் கணக்கில் மாதம் ஆயிரம் ரூபாய் செலுத்தும் ஏற்பாடு அன்று நடைமுறைக்கு வந்தது.

தேர்தல் வாக்குறுதியாகப் பிறந்த திட்டம் அது என்பதை அறியாதவர் இல்லை. அதன் அரசியலை அரசியலார் பேசிக்கொள்ளட்டும். நாம் இங்கே சொல்ல விரும்புவது ஒரு குடும்பத்தைப் பற்றி மட்டுமே.

இராமநாதபுரம் மாவட்டத்தின் வானம் பார்த்த பூமியில், நமது பங்கைச் சேர்ந்த கிளைக் கிராமம் ஒன்றில் அக்குடும்பம் வாழ்கிறது. கணவர் சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர். மனைவி மிளகாய்ப் பழம் பறிக்கும் காலத்தில் அதற்கும், மற்ற நாள்களில் விறகு சுமக்கவும் போகிறவர். பார்வை மங்கிய மாமியார், பள்ளி செல்லும் மகன், மேல்நிலை வகுப்பை முடிக்கும் நிலையில் இருந்த மகள். ரேஷன் அரிசி இலவசமாகக் கிடைப்பதால் சோற்றுக்குக் குறைவில்லை. ஆனால் சோற்றோடு வாழ்க்கை முடிந்துவிடுவதில்லையே. எண்ணெய், பருப்பு, சோப்பு, பேருந்துக் கட்டணம், காய்ச்சல் மாத்திரை ஆகியவற்றைக் கைக்காசு இல்லாமல் பெறுவதெப்படி?

முதல் மாதத்தில் ஆயிரம் வந்தது. ஆனால் கைக்கு வரவில்லை. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாதிருந்த பழைய மாதங்களுக்கான அபராதமென்று வங்கி அதை எடுத்துக்கொண்டது. இவ்வாறு பிடித்தம் செய்யலாகாது என்று மாநில நிதியமைச்சர் அந்நாளிலேயே வங்கிகளை எச்சரித்தார் என்றால், எத்தனை வீடுகளில் இது நடந்திருக்க வேண்டும் என்பதை வாசகரே உய்த்துணரலாம். பிறகு வேறொரு தொல்லை. கைவிரல் பதித்துப் பணம் பெறச் சென்றால், கரியிலும் மிளகாய்க் காம்பிலும் தேய்ந்துபோன அவருடைய விரல்களை இயந்திரம் அடையாளம் காண மறுத்தது. திட்டத்தோடு வழங்கப்பட்ட ஏ.டி.எம். அட்டைதான் இறுதியில் கைகொடுத்தது. அந்த அட்டையை விவிலியத்துக்குள் வைத்திருக்கிறார். ஆகமத்தில் எந்த இடம் என்று கேட்டோம். "சங்கீதத்துக்குள்ள வச்சிருக்கேன் சாமி" என்றார். நல்ல இடந்தான்.

அந்த வீட்டில் முதலில் மாறியது உணவன்று. கடைக்காரரோடு இருந்த உறவு. ஊர்க் கடையில் அவர்களுக்கு ஒரு பற்று நோட்டு இருந்தது. பற்றுக்கு வாங்குபவர் விலை கேட்பதில்லை, எடையைப் பார்ப்பதில்லை, நேற்று வாங்கியதை இன்று எழுதினாலும் மறுத்துப் பேசுவதில்லை. மாதம் ஆயிரம் வரத் தொடங்கிய நான்காம் மாதத்தில் அந்த அம்மாள் நோட்டுக் கணக்கைத் தீர்த்துவிட்டுச் சந்தைக்கே சென்று ரொக்கத்துக்கு வாங்கினார். அதே ஆயிரம் ரூபாய்க்கு அங்கே கூடுதலாகப் பொருள் கிடைத்தது. பொருளியல் அறிஞர்கள் இதற்கு என்ன பெயர் சூட்டுவார்களோ, அவர் சொன்னது இதுதான்: "இப்ப நான் விலை கேக்குறேன் சாமி."

அடுத்து, மிளகாய்ப் பருவத்தில் ஒன்று நிகழ்ந்தது. சம்சாரிகள் மழைக்காலத்திலேயே பெண்களுக்குச் சிறு முன்பணம் தருவதும், பழம் பறிக்கும் நாள்களில் அவர்கள் குறைந்த கூலிக்கு வந்து கழிப்பதும் அவ்வூர் வழக்கம். மழைக்காலத்தில் அடுப்பெரிய வேண்டுமே, யார்தான் மறுப்பார்? அவ்வாண்டு அந்த அம்மாளும் வேறு ஐந்தாறு பெண்களும் முன்பணம் வாங்கவில்லை. தை பிறந்தபோது நடப்புக் கூலி கேட்டார்கள், கிடைத்தது. ஆயிரம் ரூபாயின் மதிப்பு ஆயிரத்தோடு நின்றுவிடவில்லை என்பதை நாம் கண்டுகொண்டது இங்கேதான். நமக்கு வேண்டிய சம்சாரி ஒருவர் இதைக் குறித்து வருந்தி, "சோம்பேறியாக்கிட்டாங்க சாமி" என்று முறையிட்டார். வேலைக்கு வந்தவர்களைப் பற்றித்தான் அவர் அவ்வாறு சொன்னார் என்பது கவனிக்கத்தக்கது.

குடிக்குப் போய்விடும் என்ற பேச்சையும் விட்டுவிடலாகாது. அக்குடும்பத் தலைவர் குடிப்பதில்லை என்று நாம் எழுதினால் அது பொய்யாகும். ஆனால் ஆயிரம் வந்த பிறகு அவர் கூடுதலாகக் குடித்தார் என்பதற்கு அவருடைய மனைவியே சாட்சி சொல்லவில்லை. பணம் மனைவியின் பெயரில் வந்தது ஒரு காரணமாக இருக்கலாம். மத்தியப் பிரதேசத்தில் 2011, 2012 ஆம் ஆண்டுகளில் சேவா என்னும் பெண் தொழிலாளர் அமைப்பு, யுனிசெப் நிறுவனத்தின் ஆதரவோடு, சில கிராமங்களில் எல்லாருக்குமே நிபந்தனை எதுவுமின்றிப் பணம் கொடுத்துப் பார்த்தது. தொடக்கத்தில் பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், குழந்தைக்கு 100 ரூபாய். பின்னர் அது 300, 150 என உயர்ந்தது. குழந்தையின் பங்கு தாயிடம் கொடுக்கப்பட்டது. பணம் பெறாத ஊர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மதுவுக்கான செலவு கூடியிருக்கவில்லை. உணவுக்கும் மருந்துக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் ஆடுமாடுகளுக்குமே பணம் போயிருந்தது. ஏழையின் கையில் காசு கொடுத்தால் கெட்டுவிடுவான் என்போர், தம் கையில் காசு வந்தபோது தாம் கெட்டுப்போனதாக ஒருபோதும் சொல்வதில்லை. தவிர, 2003 முதல் மதுவைச் சில்லறையில் விற்பதும் இதே அரசுதான் என்பதை மறந்துவிட்டு ஏழையை மட்டும் கேள்வி கேட்பது எவ்வகை நீதி?

இங்கே நம் வீட்டுக்குள்ளும் சற்றுப் பார்க்க வேண்டும். 2024 ஆம் ஆண்டு பாதுகாவலர் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரியை உயர்த்த வேண்டுமென்று கிராமக் கூட்டத்தில் பேச்செழுந்தது. "எல்லா வீட்டுக்கும் மாசம் ஆயிரம் வருதே" என்பதே காரணம். சப்பர அலங்காரத்துக்கும் மின்விளக்குக்கும் அந்த ஆயிரத்தின் மேல் கண் விழுந்துவிட்டது. நாம் இசையவில்லை. ஓரிருவர் முகம் கோணினர். சப்பரம் பழைய விளக்குகளோடே சென்றது.

வின்சென்ட் தே பவுல் சபையார் எழுப்பிய கேள்வி இதைவிடக் கனமானது. மாதந்தோறும் அரிசிப்பையோடு அவர்கள் சந்திக்கும் வீடுகளுள் இதுவும் ஒன்று. "அரசே பணம் போடும்போது நம் அரிசி எதற்கு? பெயரை எடுத்துவிடலாமா?" என்றனர். நாம் அந்த அம்மாளையே கேட்கச் சொன்னோம். அரிசி வேண்டாம் என்றார் அவர். ஆனால் வருவதை நிறுத்த வேண்டாம் என்றும், மாமியாருக்குக் கண் அறுவைக்குத் துணைவர ஆள் வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். 1833 இல் பாரிசு நகரில் ஓசானாம் தம் தோழர்களோடு அச்சபையைத் தொடங்கியபோது ஏழையை அவர் இல்லத்திலேயே சென்று காண்பதைத்தான் முதற்பணியாகக் கொண்டார். பை இல்லாமல் முதன்முறை அவ்வீட்டுக்குச் சென்ற நம் சபை உறுப்பினர்களுக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லையாம். ஒருவர் நம்மிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். மதுரைக்குக் கண் அறுவைக்கு அழைத்துப் போனவரும் அவரே.

ஆயிரம் ரூபாயால் ஆகாதவற்றையும் சொல்லிவிட வேண்டும். 2024 இறுதியில் தொடங்கிச் சில மாதங்கள் நூறுநாள் வேலையின் கூலி நிலுவையில் நின்றபோது அவ்வீடு மறுபடியும் தடுமாறியது. கூலி தர வேண்டிய இடத்தில் உரிமைத் தொகையைக் காட்டிச் சமாதானம் சொல்லிவிட முடியாது. மகளின் கல்லூரிச் செலவுக்கும் இது போதவில்லை. 2022 இல் வந்த புதுமைப் பெண் திட்டம் கல்லூரி செல்லும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் தந்தது. ஆனால் அரசுப் பள்ளியில் படித்தவருக்கு மட்டுமே என்றிருந்ததால், நம் உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த அப்பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. அடுத்த வீட்டு அரசுப் பள்ளி மாணவிக்குக் கிடைத்தது. கோவில் பள்ளியில் சேர்த்ததற்கு இதுதானா பலன் என்று தாய் நம்மைக் கேட்டபோது நம்மிடம் விடையில்லை. 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியருக்கும் அத்திட்டம் நீட்டிக்கப்பட்ட பிறகே அக்குறை தீர்ந்தது. அவள் முதல் மாதப் பணத்தில் ஒரு கணக்குப் புத்தகமும், பாட்டிக்கு ஒரு கறுப்புக் கண்ணாடியும் வாங்கினாள்.

இனி, அதே தெருவில் ஆயிரம் கிடைக்காத ஒரு வீடும் உண்டு. நன்செய் ஐந்து ஏக்கருக்கும், புன்செய் பத்து ஏக்கருக்கும் மேல் வைத்திருப்போர் தகுதியற்றோர் என்பது விதி. விதியில் தவறில்லை. ஆனால் இவ்வீட்டில் நான்கு சகோதரர்களுக்கு உரிய பன்னிரண்டு ஏக்கர் உவர்நிலம் இன்னும் பாட்டனார் காலத்துக் கூட்டுப் பட்டாவிலேயே கிடக்கிறது. காகிதத்தில் அவர்கள் நிலக்கிழார்கள்! "அங்க கருவேல முள்ளைத் தவிர என்ன சாமி விளையுது?" என்கிறார் அவ்வீட்டு மருமகள். கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு எழுதிக் கொடுத்தோம், பயனில்லை. 2025 டிசம்பரில் இரண்டாம் கட்டமாகப் பலர் சேர்க்கப்பட்டபோதும் அவர் பெயர் வரவில்லை. பட்டாவை உட்பிரிவு செய்து தருமாறு நான்கு சகோதரர்களும் கையொப்பமிட்ட மனு வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றிருக்கிறது. கடைசித் தம்பி திருப்பூரிலிருந்து வந்து கையொப்பமிட்டுத் திரும்புவதற்கான பேருந்துக் கட்டணத்தைக் கொடுத்தவர், சந்தையில் விலை கேட்கக் கற்றுக்கொண்ட அந்த அண்டை வீட்டு அம்மாள்தான். கடனாகவா என்று கேட்டோம். "பட்டா வந்தாப் பாத்துக்கலாம் சாமி" என்றார்.